ஈர வயிறு

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் நான்கு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு படத்தைப் போன மாதம் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நெடுங்கால் உள்ளான் ஒன்று தன் கூட்டின் மேல் நிற்கிற படம். குச்சி குச்சியாக ரோஜா நிறக் கால்கள், காலடியில் காய்ந்த சேற்றில் நான்கு முட்டைகள், வெள்ளை வயிற்று இறகெல்லாம் நனைந்து கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடக்க, ஒரு நுனியில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழப்போகிற நிலையில் நிற்கும். அந்தச் சொட்டுக்குள் வெயில் ஒரு புள்ளியாகத் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். "எப்படிக்கா எடுத்தீங்க?" என்று கேட்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அந்த வயிறு ஏன் நனைந்திருந்தது என்று தெரிகிற வரைக்கும்.

போன மாதம் ஒரு நண்பர் வந்திருந்தார். இருபது வருடமாகப் பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர், கேமரா வைத்துக்கொள்வதில்லை. படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இது எத்தனை மணிக்கு எடுத்தது?" என்று மட்டும் கேட்டார். பதினொன்றரை இருக்கும் என்றேன். "எவ்வளவு நேரம் அங்க இருந்தீங்க?" அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து அன்றைய கோப்புகளைத் திறந்தேன். கேமரா ஒவ்வொரு படத்திலும் நேரத்தைப் பதிந்து வைக்கிறது. பறவை இல்லாமல் முட்டைகளை மட்டும் நான் எடுத்த முதல் படம் 10.42. பறவை கூட்டுக்குத் திரும்பி வந்து நிற்கிற முதல் படம் 11.26. இடையில் 44 நிமிடம். அந்த 44 நிமிடத்துப் படங்களில் அது என் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது, தண்ணீர் ஓரத்தில் இறங்கி வயிற்றை முக்கி முக்கி எழுகிறது, கூட்டை நோக்கி நாலு அடி வைத்துவிட்டு நின்று திரும்பிப் போகிறது, மறுபடியும் முக்குகிறது. குளிக்கிறது என்று நினைத்து அன்றைக்கு அதை ரசித்து ரசித்து எடுத்திருக்கிறேன்.

அது குளிக்கவில்லை. நம் ஊர் வெயிலில் வெறுந்தரையில் முட்டையிடுகிற பறவைகள், நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி போன்றவை, உச்சி வேளையில் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதான் நமக்குத் தெரியும். கத்திரி வெயிலில் சென்னைப் பக்கத்துச் சேற்றுத் தரை கொதிக்கும்போது அடைகாப்பது என்பது பாதி நேரம் சூட்டைத் தடுப்பதுதான்: நிழல் போடுவது, ஈரம் கொடுப்பது. நான் பெரும்பாக்கம் பக்கம் அந்தக் கூட்டிலிருந்து பத்துப் பதினைந்து அடியில் உட்கார்ந்திருந்த 44 நிமிடமும் அந்த நான்கு முட்டைகளும் நிழலில்லாமல் வெயிலில் கிடந்திருக்கின்றன. அது ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும், என்னைப் பார்த்துப் பயந்து திரும்பும், ஈரம் காய்ந்துவிடும், மறுபடி போய் முக்கும். கடைசியில் பயத்தை மீறி வந்து நின்ற அந்த நொடியைத்தான் நான் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.

மூன்று நாள் கழித்து மறுபடி போனபோது கூடு காலியாக இருந்தது. ஓடு கூட இல்லை. காகம் தூக்கியதோ, நாய் தின்றதோ. ஆனால் காய்ந்த சேற்றில் கூடு வரைக்கும் வந்து, அங்கே நின்று, திரும்பிப் போன செருப்புத் தடம் ஒன்று இருந்தது. அது என்னுடையது. 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குச் சொல்லியிருக்கிற விளக்கத்துக்குள்ளேயே, காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி பிடித்தவனுக்கு மட்டும்தான் அந்தச் சொல் என்று நான் நினைத்திருந்தேன்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், இப்போது நிறையப் பிள்ளைகள் பறவைப் படம் எடுக்க வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்தில் பத்துப் பேராவது நிற்கிறார்கள். என்னிடம் எழுதிக் கேட்பதெல்லாம் எந்த லென்ஸ் வாங்கலாம், எவ்வளவு செலவாகும், எந்த கேமராவில் ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும் என்பதுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் எனக்கு முதலில் சொல்ல வேண்டியிருப்பது தூரத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும்.

நான் இருப்பது மேடவாக்கம். ஸ்கூட்டரில் போய்விடுகிற தூரத்திலேயே இரண்டு வகைத் தண்ணீர் எனக்குக் கிடைக்கிறது என்பது என் பாக்கியம். பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. அதனால் பள்ளிக்கரணையில் நான் பார்க்கிற தாழைக்கோழியின் நன்னீரும், கேளம்பாக்கத்து உப்பங்கழியில் பூநாரை (ஃபிளமிங்கோ) நிற்கிற உவர்நீரும் ஒரே ஓட்டத்தின் இரண்டு முனைகள். ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த சதுப்பு இன்றைக்கு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதற்கு ரேடியல் சாலையில் ஒரு தடவை போனால் போதும், ஐடி கட்டடங்களும் அடுக்குமாடிகளும் குப்பைமேடும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தேன்.

முதலில் வருகிறவர்கள் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. மழை பெய்து ஏரி நிறைந்து கிடக்கிறதே, இப்போதுதான் பறவை அதிகமாக இருக்கும் என்று கார்த்திகையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாத்துகளுக்குச் சரி. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் ஆழத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், நாமக்கோழி கறுப்புக் கறுப்பாகத் திரியும். ஆனால் உள்ளான் வகையறாவுக்கு நீச்சல் வேலை கிடையாது, அவற்றுக்குக் கால் மூழ்குகிற அளவு தண்ணீர்தான் வேண்டும். தை பிறந்து தண்ணீர் வற்ற ஆரம்பித்து, ஓரமெல்லாம் சேறு தலை காட்டும்போதுதான் அவற்றுக்குச் சாப்பாட்டுப் பந்தி விரிகிறது. கால் நீளத்துக்கு ஏற்றபடி வரிசையாக நிற்கும்: உள்ளே தள்ளிப் பூநாரை, அதற்கு இந்தப் பக்கம் நெடுங்கால் உள்ளான், அப்புறம் கருவால் மூக்கன், பவளக்காலி, கரையோர ஈரச் சேற்றில் கொசு உள்ளான். தண்ணீர் ஒரு சாண் இறங்கினால் அந்த வரிசை முழுக்க ஒரு பத்தடி நகரும். எங்கே உட்கார வேண்டும் என்பதை நான் பறவையைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தண்ணீர் ஓரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

சரி, லென்ஸ். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150-600 மி.மீ. ஜூம், சிறிய சென்சார் உள்ள பழைய கேமரா உடல். அது போதும். உப்பங்கழிக்குப் போய்விட்டு வந்தால் அன்றைக்கே ஈரத்துணியால் லென்ஸின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள், உப்புக்காற்று திருகாணியைக்கூட அரித்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளே பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைக்க வேண்டும். வெள்ளைப் பறவை எடுக்கும்போது வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப், சில நேரம் ஒரு ஸ்டாப் (கேமராவில் வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற அளவு அதுதான்) குறைத்து எடுங்கள். கேமரா பின்னாலிருக்கிற கறுத்த சேற்றைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிறச் செய்துவிடும், கொக்கின் இறகு ஒவ்வொன்றும் அழிந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். பறக்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி, அல்லது அதைவிட வேகமாக. இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

கைக்கு வர வருடக்கணக்காகிறது படுப்பது. நின்றுகொண்டு எடுத்தால் பறவையின் முதுகும் சேறும்தான் கிடைக்கும். அதன் கண் மட்டத்துக்கு நம் கண்ணைக் கொண்டுபோனால்தான் பின்னணி முழுக்கக் கரைந்து, தண்ணீர் ஒரு வெள்ளிக் கோடாகி, அந்த முகம் தனியாக எழுந்து வரும். அதற்குச் சேற்றில் உரச்சாக்கு விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும். லென்ஸுக்குக் கீழே வைக்க, பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து அரிசி நிரப்பி ஒரு பை வைத்திருக்கிறேன். படுக்கிறபோது இன்னொன்றும் நடக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம்: மனித உருவம் மறைந்துவிடுகிறது. பறவைக்கு நிமிர்ந்து நடந்து வருகிற இரண்டு காலைக் கண்டால்தான் பயம். வெளிச்சம் வருவதற்கு முன்பே போய்ப் படுத்துவிட்டால், விடியும்போது நீங்கள் அந்தக் கரையில் ஏற்கெனவே கிடக்கிற ஒரு மேடு. ஒன்பது மணிக்கு மேல் எழுந்து வந்துவிடலாம், சேற்றிலிருந்து எழும் கானல் எந்த லென்ஸையும் கலங்கடித்துவிடும், அதற்கு மேல் எடுக்கிற படம் எதுவும் கூர்மையாக இருக்காது. பறவைக்கும் நம்மிடமிருந்து விடுதலை.

பழவேற்காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாடத்தை எனக்கு முதலில் சொன்னது ஒரு புத்தகமோ வகுப்போ இல்லை, அண்ணாமலைச்சேரியில் ஒரு வயதான படகுக்காரர். அப்போதே நான் சரியாகக் கேட்டிருந்தால் பெரும்பாக்கத்துக் கூட்டுக்கு அந்த நிலை வந்திருக்காது.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை நம்மிடம். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான், அதனால்தான் பூநாரைக்கு அவ்வளவு பிடிக்கிறது. அங்குள்ள மீனவர்களிடம் பாடு என்று ஒரு பழைய முறை உண்டு, யார் எந்த நாளில் ஏரியின் எந்த இடத்தில் வலை விடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. தன் முறை வருகிற வரை காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கம். அன்றைக்கு மாசி மாதம், ஐந்தரை மணிக்குப் படகில் ஏறினோம். தூரத்தில் தண்ணீரும் வானமும் சேர்கிற இடத்தில் ஒரு வெளிர் ரோஜாக் கோடு தெரிந்தது. ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நான் பதறினேன், "ஐயா, இன்னும் கிட்ட போகலாமா?" என்றேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு நீளக் கழியைச் சேற்றில் ஊன்றிப் படகை நிறுத்தினார். "கிட்ட போனா எழும்பிடும்மா. இங்கயே இரு. காத்து இந்தப் பக்கம் தள்ளுது, மேய்ஞ்சிக்கினே அதுவே வரும்."

ஒரு மணி நேரம். அவர் பீடி கூடப் பற்றவைக்கவில்லை. கோடு மெல்லத் தடித்தது, தடித்த கோட்டிலிருந்து கழுத்துகள் பிரிந்தன, அப்புறம் குரல் கேட்க ஆரம்பித்தது, வாத்துக்கூட்டம் மாதிரி ஒரு அடங்கிய கொணகொணப்பு. அறுபது எழுபது மீட்டரில் முதல் வரிசை வந்தபோது கேமரா வழியாக நான் பார்த்தது இதுதான்: பூநாரை தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறது, மேல் அலகு கீழேயும் கீழ் அலகு மேலேயுமாக. தொண்டை வேகமாக அடித்துக்கொள்கிறது, நாக்கால் சேற்று நீரை உள்ளே இழுத்து, அலகு ஓரத்துச் சல்லடை வழியாக வெளியே தள்ளுகிறது, உள்ளே தங்குவதெல்லாம் கண்ணுக்கே சரியாகத் தெரியாத இறால் குஞ்சும் பூச்சியும் பாசியும். கால்கள் ஒரே இடத்தில் மிதி மிதி என்று மிதித்துச் சேற்றைக் கலக்குகின்றன, நாற்று நடுவதற்கு முன்னால் வயலில் சேறு மிதிப்பது போலவே. அப்படி மிதித்துக்கொண்டே அது ஒரு வட்டம் சுற்றுகிறது. அதன் பக்கத்தில் நிறமே ஏறாத சாம்பல் குஞ்சு ஒன்று, போன பருவத்துப் பிள்ளை, அம்மாவைப் பார்த்துப் பார்த்து அதே மிதியை மிதித்தது. அந்த ரோஜா நிறமே தின்கிற தீனியிலிருந்து வருவதுதான், அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் மிதிக்க வேண்டும்.

அப்போதுதான் வடக்கேயிருந்து இன்னொரு படகு வந்தது. எஞ்சினை அணைக்காமல் நேராகக் கூட்டத்துக்குள் விட்டார்கள். படகில் ஐந்தாறு பேர், எல்லோர் கையிலும் பெரிய லென்ஸ். பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாத பறவை, தண்ணீர் மேல் பத்துப் பன்னிரண்டு அடி தடதடவென்று ஓடித்தான் காற்றில் ஏறும். ஆயிரம் பறவையும் ஒரே நேரத்தில் ஓடின. கறுப்பும் குங்குமச் சிவப்புமாகச் சிறகுகள் விரிந்து வானம் நிறைந்தது, பார்க்க உண்மையிலேயே மலைப்பாகத்தான் இருந்தது, கேமராக்கள் படபடவென்று அடித்தன. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கூட்டம் ஆந்திரப் பக்கம் போய் மறுபடி ஒரு கோடாகிவிட்டது. என் படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கழியைப் பிடுங்கிக் கழுவி உள்ளே வைத்தார்.

அந்த மாதிரி எழுப்பி எடுத்த படங்கள் எனக்கு இப்போது பார்த்தவுடன் தெரிந்துவிடும். எல்லாப் பறவையும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும், கழுத்து விறைத்திருக்கும். பறவை பறப்பதைப் படம் எடுக்கவே கூடாதா என்றால், தாராளமாக எடுக்கலாம், அதுவாகப் பறக்கிறபோது. கூட்டம் எழும்பப் போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு உண்டு. தலைகள் ஒவ்வொன்றாக நிமிரும், மேய்ச்சல் நிற்கும், எல்லாம் ஒரே திசையில் திரும்பி நடக்க ஆரம்பிக்கும், குரல் ஏறும். காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், காலை வெயில் கிழக்கும் தென்கிழக்குமாக விழும், இரண்டுக்கும் முதுகைக் காட்டி நீங்கள் நின்றீர்கள் என்றால் பறவை வெளிச்சத்தை முகத்தில் வாங்கிக்கொண்டு உங்களை நோக்கி எழும்பும். இதற்கு ஒரு பறவையையும் விரட்ட வேண்டியதில்லை. ஒரு காலைப்பொழுதைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு தடவை எழுப்பினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார்கள். பங்குனி மாதத்துக் கொசு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். எடை முப்பது கிராம் பக்கம், ஒரு கைப்பிடி அவலுக்கு மேல் இருக்காது. அது முட்டையிடப் போகிற இடம் ஆர்க்டிக் ஓரத்துச் சைபீரியா. அதற்கு வேண்டிய கொழுப்பை நம் ஊர்ச் சேற்றில்தான் கொத்திக் கொத்திச் சேர்க்க வேண்டும். கொழுப்புதான் பெட்ரோல். நம் கரைக்கும் வருகிற பட்டைவால் மூக்கன் இனத்தில் ஒரு இளம் பறவை 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்குமே இறங்காமல் பறந்தது பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட உடம்பில் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் கணக்கு உண்டு. காலையில் நான் ஒரு தடவை, அடுத்து வருகிறவர் ஒரு தடவை, நாய் ஒரு தடவை, செல்ஃபி எடுக்க இறங்குகிற குடும்பம் ஒரு தடவை. பறவை மேய வேண்டிய மூன்று மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சும்?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கண்மாயில் நாரையும் கொக்கும் குஞ்சு வைத்திருக்கிற காலம் என்பதால் ஊரே சேர்ந்து விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், பல வருடமாக. அந்த ஊரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள், மத்தாப்புக்கு அழுகிற வயதில். அவர்களே ஒரு பண்டிகையின் வெடியை விடுகிறபோது, ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸ் வைத்திருக்கிற நாம் முப்பது மீட்டர் தள்ளி நிற்பது பெரிய விஷயமா? எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

பூங்காக்களிலும் இதே கதைதான், அங்கே கருவி மட்டும் வேறு. ஐப்பசி மாதம் ஆறுமணிக்குருவி சென்னைக்கு வந்து இறங்கும். பொன்னுத்தொட்டான் என்றும் சொல்வார்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூப்பிடுகிறதென்று பெயரிலேயே நேரத்தை வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் பறந்து வந்து களைத்துப்போய் அடுக்குமாடி பால்கனியில் விழுந்து கிடப்பதும் உண்டு. முதுகு பச்சை, சிறகில் மயில்நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் அடியில் குங்குமம். கிண்டிக் காட்டுக்குள் மட்டும்தான் வரும் என்பதில்லை, நிழலும் சருகும் இருக்கிற எந்தச் சின்னப் பூங்காவிலும் இறங்கும். இறங்கின அன்றைக்கே வாட்ஸ்அப்பில் இடம் பரவிவிடும், மறுநாள் பத்துப் பேர் மொபைலில் அதன் குரலைப் போட்டு வெளியே இழுப்பார்கள். தன் இடத்துக்குள் இன்னொன்று புகுந்துவிட்டது என்று நினைத்து அது மேய்ச்சலை விட்டுவிட்டு ஓடி வந்து தேடும். குரல் நிற்கும், இன்னொருவர் போடுவார்.

எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் கூட்டுகிற அம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் நான் கேமராவோடு புதர் புதராகக் குனிந்து தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அந்தக் கலர் குருவியா? அது அந்த மூலைக்குத்தாம்மா வரும், நான் அங்க மட்டும் கூட்டுறதில்ல" என்றார். புங்க மரத்தடியில் பத்தடிக்குப் பத்தடி சருகு அப்படியே கிடந்தது. அவர் சொன்ன மூலைக்கு எதிரே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். நிழலில் வெளிச்சம் குறைவு, கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 3200க்கு ஏற்றி, ஷட்டர் 1/200 நொடி, மூச்சை அடக்கிக்கொண்டு. முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் சருகு ஒன்று தானாகப் புரண்டது, அடுத்தது புரண்டது, பின்னால் அது. அலகால் இலையைப் பிடித்து ஒரு பக்கமாக வீசியெறிகிறது, தலையைச் சாய்த்து மண்ணைப் பார்க்கிறது, மண்புழுவை இழுக்கிறது, வால் மேலும் கீழும் ஆடுகிறது. பங்குனி வரை அது அங்கேயே இருந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

நல்ல படம் பறவைக்கும் உதவும், அதையும் சொல்லிவிடுகிறேன். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்து வருடங்களாகப் பறவைகளுக்கு வளையம் போட்டு வருகிறது. காலில் வண்ணப் பட்டையோ வளையமோ உள்ள பறவை உங்கள் படத்தில் கூர்மையாக விழுந்தால் அதன் எண்ணைப் படித்து அவர்களுக்குத் தெரிவிக்கலாம், ஒரு உயிரின் பயணத்தில் ஒரு ஊர் கூடுதலாகப் பதிவாகும். பொங்கல் நாட்களில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் கேமராக்காரர்கள் சேர்ந்தால் அடையாளம் குழம்புகிற உள்ளான்களைப் பிறகு உட்கார்ந்து பிரித்தெடுக்க முடிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகில் கறுப்பு அப்பியிருந்ததை ஊருக்குக் காட்டியது படங்கள்தான். ஆனால் கூடு இருக்கிற இடத்தைப் படத்தோடு போடாதீர்கள், மொபைலில் எடுத்தால் இட விவரத்தை அணைத்துவிட்டு எடுங்கள். நான் இப்போது கூடுகளை எடுப்பதே இல்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டால் வந்த வழியே திரும்பிவிடுகிறேன்.

போன ஞாயிறு கேளம்பாக்கம் உப்பங்கழிக்குப் போயிருந்தேன். கோவளம் போகிற சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, இருட்டோடு இறங்கிச் சாக்கை விரித்துப் படுத்துவிட்டேன். ஆறே காலுக்கு வெளிச்சம் வந்தது. கொசு உள்ளான்கள் பதினைந்து இருபது, தையல் மெஷின் ஊசி மாதிரிச் சேற்றைக் குத்திக்கொண்டே ஓரத்தோடு வந்தன. இருபது மீட்டர், பதினைந்து, பத்து. ஒன்று மட்டும் பிரிந்து என் பக்கமாக நடந்தது. ஐந்து மீட்டரில் அதன் கண்ணில் அடிவானம் தெரிந்தது, எடுத்தேன். இன்னும் வந்தது. என் லென்ஸுக்கு மூன்று மீட்டருக்குக் கீழே ஃபோகஸ் ஆகாது, உள்ளே எல்லாம் மங்கி ஒரு பழுப்புப் புகையாகிவிட்டது. கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்து நேராகப் பார்த்தேன். அரிசிப் பைக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், சேற்றிலிருந்து எதையோ இழுத்து விழுங்கிவிட்டு, அலகைத் தண்ணீரில் ஒரு முறை அலசிக்கொண்டு, அப்படியே என் தலையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போனது. லென்ஸுக்கு முன்னால் சேற்றில் அதன் கால்தடம் இருந்தது, மூன்று விரல், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறி அது நிரம்பிவிட்டது.